கார்பன் சைக்கிளை ரிப்பேர் ஸ்டாண்டில் எந்த இடத்தில் பிடிப்பது?

அதிகாலைப்பயணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஒரு ஸ்டீல் சைக்கிளும் ஓர் அலுமினியம் சைக்கிளும் வைத்திருந்து, செயின் மாற்றுவது, கியர் கேபிள் மாற்றிச் சரிசெய்வது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்து வருகிறேன். அதற்கென்று வாங்கிய மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று பால்கனியில் நிற்கிறது. லீவரை மடக்கினால் ரப்பர் வைத்த தாடைகள் மூடிக்கொள்ளும் வகை அது. இரண்டு சைக்கிள்களையும் டாப் ட்யூபின் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் மேல் குழாயின்) நடுவில் பிடித்து மாட்டுவதே என் வழக்கம். அதனால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

அண்மையில் கார்பன் ஃபிரேம் ரோடு சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். எடை ஏறத்தாழ 8 கிலோ. டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் த்ரூ ஆக்சில் (சக்கர மையத்தின் ஊடே செருகிப் பூட்டும் அச்சு), கேபிள்கள் எல்லாம் ஃபிரேமுக்குள் ஓடுபவை. சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டும் கார்பன்தான், உருண்டையானது, 27.2 மில்லிமீட்டர் விட்டம். கடையில் சைக்கிளை ஒப்படைக்கும்போது, "டாப் ட்யூபில் மட்டும் ஸ்டாண்டு போட்டுவிடாதீர்கள்" என்று எச்சரித்தார்கள். உடன் வந்த கையேட்டிலும் சீட் போஸ்டில் பிடிக்கும்படி ஒற்றை வரிதான் இருக்கிறது. என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஃபிரேமும் கார்பன், சீட் போஸ்டும் கார்பன். ஒன்றை நசுக்கக் கூடாது என்றால் மற்றதை மட்டும் எப்படி நசுக்கலாம்? அப்படியே பிடிப்பதானாலும் எவ்வளவு இறுக்கலாம், என் லீவர் வகை ஸ்டாண்டு இதற்கு ஏற்றதா, அல்லது வேறு வகை ஸ்டாண்டு வாங்குவதுதான் முறையா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரன் பதில்:

கையேட்டில் உள்ள வரி சரியானதுதான். காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் அதன் குறை. கார்பன் என்று ஒரே பெயரால் சொன்னாலும், ஒரே சைக்கிளின் வெவ்வேறு இடங்களில் அதன் தடிமனும் வேறு, இழைகளை அடுக்கியிருக்கும் திசைகளும் வேறு. இழை தன் நீளவாக்கில் வரும் இழுவையை அபாரமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஓரிடத்தில் நசுக்கும்போதோ, சுமையின் பெரும்பங்கு இழைகளை ஒட்டிவைத்திருக்கும் ரெசின் மீதும் அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பின் மீதும் விழுகிறது. அவை இரண்டும் இழையைப் போல வலுவானவை அல்ல. டாப் ட்யூபின் நடுப்பகுதியில் எடையைக் குறைப்பதற்காகச் சுவரை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கியிருப்பார்கள். மிக இலேசான ஃபிரேம்களில் அதைவிடவும் மெலிது; கட்டைவிரலால் அழுத்தினாலே சற்று உள்வாங்குவதைப் பார்க்கலாம். ஓட்டும்போது அந்தக் குழாய்க்கு வரும் விசைகள் நீளவாக்கிலும் முறுக்காகவும் வருபவை. இரண்டு பக்கமும் நின்று நசுக்கும் விசை சாலையில் ஒருநாளும் வராது என்பதால், அதைத் தாங்குவதற்கென்று தனி அடுக்கு எதையும் வடிவமைப்பாளர் வைப்பதில்லை.

சீட் போஸ்டின் கதை வேறு. அதன் பிறவிப் பணியே பிடிக்கப்படுவதுதான். போஸ்டு நுழையும் சீட் ட்யூபின் வாயில் இருக்கும் வளையம் அதைச் சுற்றிலும் இறுக்குகிறது. மேலே உட்காரும் ஆளின் எடை ஒவ்வொரு பள்ளத்திலும் அதை வளைக்கப் பார்க்கிறது. ஆகவே அதன் சுவர் டாப் ட்யூபைவிட வெகுவாகத் தடித்தது, விட்டமும் சிறியது, வடிவமும் உருண்டை. சிறிய விட்டமும் தடித்த சுவரும் சேர்ந்தால் நசுங்குவதற்கான எதிர்ப்பு பன்மடங்கு கூடும். கார்பன் போஸ்டையும் கருணையில்லாமல் இறுக்கினால் உடையும் என்பது உண்மையே. ஆனால் 8 கிலோ சைக்கிளைத் தாங்குவதற்குத் தேவையான பிடி அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

பிடிக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. போஸ்டைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பின்சக்கரம் வாரியடித்த மணல் துகள் ஒன்று தாடைக்கும் போஸ்டுக்கும் இடையில் சிக்கினால், இறுக்கத்தால் ஆகாத சேதம் அந்தத் துகளால் ஆகிவிடும். அடுத்து ஸ்டாண்டின் ரப்பர்களைப் பாருங்கள். எண்ணெய் ஏறி வழவழப்பாகியிருந்தால் சைக்கிள் நழுவும். நழுவுகிறதே என்று நீங்கள் மேலும் இறுக்குவீர்கள். சேதத்தின் தொடக்கம் பெரும்பாலும் அந்த இடம்தான். ரப்பரைச் சோப்பு நீரில் கழுவுங்கள். தேய்ந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள். நான் பழைய டயர் ட்யூப் ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி போகக் கழுவி, போஸ்டைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு அதன்மேல் பிடிக்கிறேன். துணியைவிட அது மேல். துணி வழுக்கும், தூசியையும் தக்கவைத்துக்கொள்ளும்.

உங்களுடைய லீவர் வகையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் குணத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும். அந்த லீவர் பாதி வழியைக் கடந்ததும் தானாகவே மடங்கிப் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு விசை தாடைக்குப் போகிறது என்பதைக் கை உணர்வதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆகவே தாடையின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, லீவரை இரண்டு விரல்களால் மூட முடிகிற நிலையிலிருந்து தொடங்குங்கள். சைக்கிள் நழுவினால் லீவரைத் திறந்து, திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி மூடுங்கள். குமிழைத் திருகி மூடும் வகை ஸ்டாண்டில் இந்தக் கவலை குறைவு. விரல்களுக்கே இறுக்கம் தெரிந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

போஸ்டு வெளியே தெரியும் நீளம் போதாமல் அதை உயர்த்த நேர்ந்தால், இப்போதைய உயரத்தில் ஒட்டு நாடாவால் அடையாளம் வைத்துவிட்டு உயர்த்துங்கள். குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவைக் காட்டும் கோடு வெளியே வரக் கூடாது. திரும்ப இறக்கும்போது கிரீஸ் தடவாதீர்கள். கார்பனுக்கென்று விற்கும் நறநறப்பான பேஸ்டைத் தடவி, வளையத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானரால்) இறுக்குங்கள். பெரும்பாலான வளையங்களில் 5 முதல் 7 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வளையத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வேதம்.

நெம்புகோல் பதில்:

பட்டறைக்கார அண்ணன் தாடையின் இறுக்கத்தைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில், பலரும் கணக்கில் எடுக்காத இன்னொரு விசையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தாடையை நீங்கள் எவ்வளவு மென்மையாக மூடினாலும், சைக்கிள் தன் எடையாலேயே பிடித்த இடத்தை நசுக்குகிறது.

ரோடு சைக்கிளின் எடைமையம் ஏறத்தாழ இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. சீட் போஸ்டு அதற்குச் சுமார் கால் மீட்டர் பின்னால் இருக்கிறது. 8 கிலோ சைக்கிள் கால் மீட்டர் தூரத்தில் தொங்கும்போது, பிடித்த இடத்தில் ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை உண்டாகிறது. முன்பக்கம் கீழே இறங்கப் பார்க்கிறது என்று பொருள். இதைத் தாடையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் தள்ளித் தாங்க வேண்டும். தாடையின் நீளம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விளிம்பிலும் 30 கிலோ எடைக்கு மேற்பட்ட அழுத்தம் வந்து சேரும். இது தோராயக் கணக்குத்தான். ஆனால் அளவின் வரிசை சரியானது. பிடித்தது போதாதென்று, மாட்டிய நிலையிலேயே பெடலை ஸ்பானர் போட்டுக் கழற்ற முயன்றாலோ, இறுகிப்போன பாட்டம் பிராக்கெட்டை (பெடல் கைகள் சுழலும் அச்சுத் தொகுதியை) எம்பித் திருகினாலோ இந்த எண் எங்கே போகும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். தாடையின் தடத்தை ஆராய்ந்தால் கீறல் பெரும்பாலும் நடுவில் இல்லாமல் விளிம்பில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்யலாம். முன்பக்கத்துக்கு ஒரு துணைத் தாங்கல் கொடுக்கலாம். பால்கனிக் கூரையில் கொக்கி இருந்தால் அதிலிருந்து ஒரு பட்டையைத் தொங்கவிட்டு ஹேண்டில்பாரின் நடுப்பகுதியை, ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டுக்கு) இரு பக்கமும், இலேசாகத் தாங்கும்படி செய்யுங்கள். முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. கையால் தாங்கிப் பிடிப்பதைப் போன்ற சிறு உதவியே விளிம்பின் அழுத்தத்தைப் பெருமளவு குறைத்துவிடும். இன்னொன்று, வலுவைக் கோரும் வேலைகளைத் தரையிலேயே முடித்துக்கொள்வது. பெடல், கேசட்டின் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கின்) பூட்டு வளையம், கிராங்க் (பெடல் கை) ஆகியவற்றை ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்பே தளர்த்திவிட்டு, இறக்கிய பின்பு இறுக்குங்கள்.

மூன்று கால் ஸ்டாண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதன் கால்களில் ஒன்று சைக்கிளின் எடை விழும் திசைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கு இடையில் எடை விழுந்தால், பின்சக்கரத்தைக் கழற்றிய நொடியில் எடைமையம் நகர்ந்து ஸ்டாண்டோடு சைக்கிள் சரியக்கூடும். பால்கனியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். தாடை நசுக்கி உடைந்த கார்பனைவிட, விழுந்து உடைந்த கார்பன்தான் அதிகம் என்பது என் ஊகம்.

சொல்ல மறந்துவிட்ட சிறிய விஷயம் ஒன்று: முன்சக்கரத்தை ஒரு வெல்க்ரோ பட்டையால் டவுன் ட்யூபோடு (கீழ்ச் சாய்வுக் குழாயோடு) சேர்த்துக் கட்டிவிடுங்கள். சைக்கிள் சாய்ந்திருக்கும்போது ஹேண்டில்பார் தானாகத் திரும்பி, அதன் முனையோ பிரேக் லீவரோ டாப் ட்யூபின் பக்கச் சுவரில் வந்து இடிக்கும். ஒரு மில்லிமீட்டர் சுவருக்கு அந்த இடி போதும்.

தார்ச்சாலை பதில்:

இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பல ஆண்டுகளாகக் கார்பன் சைக்கிளை டாப் ட்யூபில்தான் பிடித்து வருகிறேன். துண்டு சுற்றி, மெதுவாக இறுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து இறக்கிவிடுவேன். இன்று வரை ஒரு கீறல்கூட இல்லை. அதே சைக்கிளில் குழிகள் நிறைந்த சாலைகளில் போய் வருகிறோம், விழுந்து எழுகிறோம். அதையெல்லாம் தாங்கும் ஃபிரேம் ரப்பர் தாடைக்கு உடைந்துவிடும் என்பதை நம்புவது கடினமாக இருக்கிறது. நிறுவனங்கள் உத்தரவாதத்தைத் தட்டிக்கழிப்பதற்காக எழுதும் வரிகளை நாம் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோமோ?

பட்டறைக்காரன் பதில்:

தார்ச்சாலை ஐயாவின் ஐயம் நியாயமானது. ஆனால் முடிவு நியாயமானதல்ல. குழியில் இறங்கும்போது வரும் விசை சக்கரம், ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), ஹெட் ட்யூப் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) வழியாகப் பரவி, அதற்கென்றே தடித்து அடுக்கப்பட்ட இடங்களைக் கடந்து குழாய்களுக்கு நீளவாக்கில் வந்து சேர்கிறது. வடிவமைப்பாளர் எதிர்பார்த்த விசை அது. தாடை நசுக்குவது அவர் எதிர்பாராத விசை. ஒன்றைத் தாங்குகிறது என்பதால் மற்றதையும் தாங்கும் என்று முடிவு கட்ட முடியாது. மெதுவாகப் பிடித்தால் உடையாது என்பதை நானும் மறுக்கவில்லை. அந்த 'மெதுவாக' என்பதற்கு அளவுகோல் கிடையாது. நீங்கள் உங்கள் கைப்பழக்கத்தால் தப்பித்து வருகிறீர்கள். அவசரத்தில் இருக்கும் கடைப் பையனுக்கோ, உதவிக்கு வரும் மைத்துனருக்கோ அந்தக் கைப்பழக்கம் இருக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அலுமினியம் குழாயை நசுக்கினால் பள்ளம் விழும்; நசுங்கியது நசுங்கியதாகவே கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்வாங்கிவிட்டு, விசை நீங்கியதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தாலும் மேலே பூச்சு அப்படியே இருக்கலாம். பிறகு நாளாக நாளாக, ஒவ்வொரு பயணத்தின் அதிர்விலும் அந்தப் பிரிவு சிறிது சிறிதாக விரியும். கீறல் இல்லை என்பது சேதம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஐயா தம் சைக்கிளை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. தாடை உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, டார்ச் ஒளியைக் குழாயை உரசிக்கொண்டு போகும்படி சாய்வாக அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெண்கோடு, பூச்சில் வலைப்பின்னல், ஒளி வளைந்து நெளியும் இடம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். ஆனால் குழாய்கள் கூடும் மூட்டுகளுக்கு அருகில் சுவரின் தடிமன் மாறுவதால் ஓசையும் இயல்பாகவே மாறும். அதைக் கேட்டுப் பதற வேண்டாம். ஐயம் தீராவிட்டால் மீயொலிக் கருவி வைத்துச் சோதிக்கும் கார்பன் பழுதுபார்ப்போரிடம் காட்ட வேண்டும். சேதம் உறுதியானால்கூட ஃபிரேமைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. சேதமான பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிய அடுக்குகள் வைத்துச் சீர்செய்ய முடியும். அதுவரை ஓட்டாமல் இருப்பதுதான் முக்கியம்.

எதிர்காற்று கேட்டது:

இதே இழையில் என் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். என் சைக்கிளின் சீட் போஸ்டு உருண்டை அல்ல. முன்பக்கம் வளைந்தும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும், காற்றெதிர்ப்பைக் குறைக்கும் ஏரோ வடிவம். ஸ்டாண்டின் தாடை அதன் இரண்டு விளிம்புகளை மட்டுமே கவ்வுகிறது. போதாக்குறைக்கு, எலெக்ட்ரானிக் கியரின் பேட்டரி அந்தப் போஸ்டுக்குள்தான் இருக்கிறது. உருண்டைப் போஸ்டு வைத்திருப்பவர்கள் பழைய அலுமினியம் போஸ்டு ஒன்றை மாற்றிச் செருகி அதில் பிடிப்பதாகப் படித்தேன். எனக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. நான் என்ன செய்வது?

பட்டறைக்காரன் பதில்:

அலுமினியம் போஸ்டை மாற்றிச் செருகும் வழி உருண்டைப் போஸ்டுகளுக்கு மிக நல்லது. விட்டம் மட்டும் இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டும். அதிகாலைப்பயணி விரும்பினால் 27.2 அளவில் ஒரு பழைய போஸ்டைத் தேடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். நம் கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அலுமினியமும் கார்பனும் நாள்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, போஸ்டு ஃபிரேமுக்குள்ளேயே இறுகிப் போகும். அதை வெளியே எடுப்பது தனிப் போராட்டம்.

எதிர்காற்று அவர்களே, உங்களுக்கு அந்த வழி இல்லை. தாடை கவ்வும் ஸ்டாண்டையே நீங்கள் மறந்துவிடலாம் என்பது என் கருத்து. ஏரோ போஸ்டின் வடிவத்துக்கேற்ப உட்பக்கம் குடைந்த ரப்பர்க் கட்டைகளைச் சில நிறுவனங்கள் தருகின்றன. உங்கள் மாடலுக்கென்று கிடைத்தால் அவசர வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏரோ போஸ்டை ஏற்றி இறக்குவதே ஓர் அலுப்பு. அதை இறுக்கும் ஆப்பு டாப் ட்யூபுக்குள் ஒளிந்திருக்கும். போஸ்டை முழுதாக வெளியே இழுத்தால் அந்த ஆப்பு சில ஃபிரேம்களில் சீட் ட்யூபுக்குள் கடகடவென்று இறங்கிவிடும். பிறகு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டியதுதான். பேட்டரியின் ஒயரும் கூடவே இழுபடும். ஜயன்ட் டிசிஆர் அட்வான்ஸ்டு எஸ்எல் போலச் சீட் ட்யூபே மேலே நீண்டு சீட்டைத் தாங்கும் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். வெளியே தெரிவது போஸ்டு அல்ல, ஃபிரேமேதான்.

உங்களுக்கு ஏற்றது ஃபோர்க்கில் பொருத்தும் ஸ்டாண்டு. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் முனைகளை ஸ்டாண்டின் ஒரு கோடியில் ஆக்சிலால் பூட்டுவார்கள்; பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பகுதி ரப்பர் தொட்டில் ஒன்றில் அமர்ந்துகொள்ளும். தொழில்முறைப் பந்தய அணிகளின் மெக்கானிக்குகள் பந்தயக் களத்தில் பயன்படுத்துவது இந்த வகையைத்தான். பார்க் டூல் பிஆர்எஸ்-22.2, ஃபீட்பேக் ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிண்ட் ஆகியவை இதில் பலரும் அறிந்தவை. எந்தக் குழாயையும் எதுவும் நசுக்குவதில்லை. சைக்கிள் இரண்டு இடங்களில் தாங்கப்படுவதால் நெம்புகோல் சொன்ன திருப்புவிசையும் எழுவதில்லை. ஃபிரேமை எந்தப் பக்கத்திலிருந்தும் தொட்டுத் துடைக்கலாம் என்பதால், கழுவும் வேலைக்கு இதற்கு இணை இல்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தொட்டிலில் வைப்பதற்கு முன் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். சில ஃபிரேம்களில் அங்கே கேபிள் வழிகாட்டியோ சிறிய மூடியோ இருக்கும். ஒயர் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ரப்பர் அதன்மேல் உட்காராதபடி தள்ளி வையுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு இடையில் சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். மறந்துபோய் லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் திரும்ப நுழையாது. கியர் வேலைக்கு ஃபோர்க்கில் பூட்டிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் சுழல வேண்டுமே. முன் பிரேக் வேலைக்கு, பின்சக்கரத்தைக் கழற்றிப் பின் முனைகளில் பூட்டுங்கள். மேலே சொன்ன இரண்டு மாடல்களும் இரு வழிக்கும் இடம் தருகின்றன.

சங்கிலிக்கண்ணி பதில்:

ஸ்டாண்டே வாங்காமல் சமாளிப்பவர்களுக்காக ஒரு சொல். நம் ஊர் சைக்கிள் கடைகளில் கூரை உத்தரத்திலிருந்து சங்கிலியோ கயிறோ தொங்கவிட்டு, சீட்டையும் ஹேண்டில்பாரையும் கொக்கியில் மாட்டி வேலை பார்ப்பார்களே, அது கார்பன் சைக்கிளுக்கும் முற்றிலும் பாதுகாப்பான முறை. சீட்டின் மூக்குக்கு அடியில் அகலமான பட்டை ஒன்றும், ஸ்டெம்முக்கு இரு பக்கமும் பட்டை ஒன்றும் கொடுத்தால் போதும். சைக்கிள் ஆடும் என்பது மட்டுமே குறை. செயின் துடைக்கவும் கியர் சரிசெய்யவும் அது பெரிய தடையல்ல. வெறும் கம்பிக் கொக்கியை நேரடியாகக் கார்பன் ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டாம்.

தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதை நான் விரும்புவதில்லை. பிரேக் லீவரின் மேல்பகுதியும் சீட்டும் உரசும் என்பது ஒருபுறம். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவரின் எண்ணெய்த் தொட்டியில் சிறிது காற்று தங்கியிருந்தால், கவிழ்த்ததும் அது குழாய்க்குள் ஏறி லீவர் மெத்தென்று ஆகிவிடும் என்பது மறுபுறம். சாலையில் பஞ்சர் ஒட்டும் அவசரத்தில் கவிழ்த்தே தீர வேண்டியிருந்தால், நிமிர்த்திய பின் லீவரைப் பலமுறை அழுத்திப் பார்த்து, பிடி பழையபடி கெட்டியானதை உறுதி செய்த பிறகே ஏறுங்கள்.

மலைப்பாதை சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால்: டிராப்பர் போஸ்டின் (ஓட்டும்போதே உயரம் மாற்றும் சீட் போஸ்டின்) பளபளப்பான மேல் குழாயில் தாடையைப் போடவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் சீல் கிழியும். கீழே இருக்கும் அசையாத வெளிக்குழாயைக் கொஞ்சம் உயர்த்தி அதைப் பிடிக்க வேண்டும். உயர்த்தும்போது உள்ளே ஓடும் கேபிளுக்குத் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாலைப்பயணி எழுதியது:

இவ்வளவு விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இப்போதைக்கு என் லீவர் ஸ்டாண்டிலேயே, பழைய ட்யூபைச் சுற்றி, சீட் போஸ்டில் பிடித்து, முன்பக்கத்துக்குக் கூரைக் கொக்கியிலிருந்து பட்டை கொடுத்து வேலையைத் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பிறகு ஃபோர்க் ஸ்டாண்டு வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அப்படி வாங்கும்போது ஆக்சில் அளவைப் பற்றி என்ன கேட்டு வாங்க வேண்டும்? இன்னொரு ஐயம்: குழாயை நசுக்காத அந்த ஸ்டாண்டில் வைத்தே பெடலையும் பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றலாமா?

நெம்புகோல் பதில்:

டிஸ்க் பிரேக் உள்ள இக்கால ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 12 மில்லிமீட்டர் தடிமனும் 100 மில்லிமீட்டர் அகலமும், பின்னால் 12 மில்லிமீட்டர் தடிமனும் 142 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். மலைப்பாதை சைக்கிள்களில் 15க்கு 110, 12க்கு 148 என்ற அளவுகள் பரவலாக உள்ளன. உங்கள் பழைய சைக்கிள்கள் குவிக் ரிலீஸ் (லீவரை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும்) வகையாக இருந்தால், அதற்கும் பொருந்தும் இணைப்புத் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே வருகின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துண்டு சரியாக உட்காராமல் ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்றால் அப்படியே இறுக்கிவிட வேண்டாம்; ஃபோர்க்கின் கால்கள் உள்நோக்கி இழுபடும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஃபோர்க்கின் முனைகள் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும்போது கிராங்க் பக்கத்தில் நீளமான ஸ்பானரை வைத்து எம்பினால், அந்த முறுக்கு முழுவதும் ஃபோர்க்கின் முனைகளுக்கும் ஹெட் ட்யூபுக்கும் பக்கவாட்டில் போய்ச் சேரும். சக்கரங்கள் இரண்டையும் மாட்டி, சைக்கிளைத் தரையில் நிறுத்தி, பெடலைத் தளர்த்துங்கள். வலதுபக்கப் பெடலுக்கு வலம்புரி மரையும் இடதுபக்கப் பெடலுக்கு இடம்புரி மரையும் இருக்கும். பாட்டம் பிராக்கெட் திருகு வகையா அழுத்திச் செருகும் வகையா என்பதை முதலில் பாருங்கள். அழுத்திச் செருகும் வகையாக இருந்தால், சுத்தியால் தட்டிக் கழற்றும் வேலையை எந்த ஸ்டாண்டிலும் செய்ய வேண்டாம். அதற்கு உரிய இழுப்பான் உள்ள கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.